கனவில் வந்த நாகம்

கனவு காணாத மனிதன் இல்லை. கனவுக்குப் பொருள் தேடாத இனமும் இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கோப்பெருந்தேவியும் காணும் கனவுகள் பின்னர் நிகழப்போவதை முன்னரே உரைக்கின்றன. பாண்டிமாதேவி கண்ட கனவில் வெண்கொற்றக் குடையும் செங்கோலும் வீழ்கின்றன. அவள் அரசனிடம் அதனைச் சொல்லி முடிக்குமுன் வாயிலில் கண்ணகி வந்து நிற்கின்றாள். பொன்னவன் இயற்றியதாக வழங்கும் கனாநூல், இரவின் எந்த யாமத்தில் கண்ட கனவு எத்துணைக் காலத்தில் பலிக்கும் என்று வரையறுத்துச் சொல்லுகின்றது. திருவள்ளுவரோ ‘கனவுநிலையுரைத்தல்’ என ஓர் அதிகாரமே வகுத்து, கனவை வருங்காலத்தின் குறியாகக் கொள்ளாமல், பிரிந்த உள்ளத்தின் ஏக்கமாகவே பாடிச் சென்றார். கனவைப் பற்றிய இவ்விரு நோக்குகளும் தமிழில் மட்டுமன்றி உலக இலக்கியங்கள் பலவற்றிலும் அருகருகே நடந்து வந்துள்ளன.

மலேசியத் தமிழராகிய நாம், சீன சமுதாயத்தாரோடு பல தலைமுறைகளாக ஒரே ஊரில், ஒரே தெருவில் வாழ்ந்து வருகின்றோம். அவர்தம் கோயிற் கூரைகளிலும் தூண்களிலும் சுருண்டும் நெளிந்தும் கிடக்கும் அந்தப் பேருருவத்தை நாள்தோறும் காண்கின்றோம். அது கனவில் வந்தால் நன்மை என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கை எங்கே தோன்றியது? யாருக்குப் பயன்பட்டது? அதனை ஐயுற்றவர் எவரேனும் உண்டா? இவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரில் தொடங்கும் வேறுபாடு

ஆங்கிலேயர் ‘டிராகன்’ என்பதைத் தமிழில் எவ்வாறு வழங்குவது என்னும் வினா எளிதன்று. தமிழ் விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் அது ‘வலுசர்ப்பம்’ என மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. அங்கு அது சாத்தானின் உருவம். வானினின்று வீழ்த்தப்படும் தீமையின் வடிவம். சீனரோ அதனை ‘லோங்’ என்பர். அவர்க்கு அது மழையைத் தருவது, ஆறுகளையும் கடல்களையும் ஆள்வது, அரசனின் பெருமைக்கு அடையாளமாய் அமைவது. மலாய் மொழியில் அதன் பெயர் ‘நாகா’. பகாங் மாநிலத்துச் சினி ஏரியில் வாழ்ந்ததாக வழங்கும் ஸ்ரீ குமும் கதை அத்தகைய நாகத்தைப் பற்றியதே.

சீனரின் லோங்கிற்கும் நாகம் என்னும் வடசொல்லுக்கும் உள்ள தொடர்பு வெறும் உருவ ஒப்புமையால் வந்ததன்று. புத்த நூல்கள் சீன மொழிக்குப் பெயர்க்கப்பட்டபோது, நாகம் வந்த இடங்களிலெல்லாம் மொழிபெயர்ப்பாளர்கள் லோங் என்னும் சொல்லையே இட்டனர். கி.பி. 406இல் குமாரசீவர் சீனத்தில் ஆக்கிய தாமரைச் சூத்திரத்தில், எட்டு வயதுடைய நாகராசன் மகள் ஞானம் பெறும் கதை வருகின்றது. சீன வாசகர்க்கு அவள் லோங் அரசனின் மகளே. மணிமேகலை கூறும் நாகநாட்டையும் நாகர்களையும் அறிந்த நமக்கு இச்செய்தி நெருக்கமானது. ஆதலின், இக்கட்டுரையில் கீழை நாட்டு உருவத்தை ‘நாகம்’ என்றும், மேலை நாட்டு உருவத்தை ‘வலுசர்ப்பம்’ என்றும் வழங்குவேன். சொல் இரண்டானால் பொருளும் இரண்டு என்பது அடிக்கடி நினைவுக்கு வருதல் நன்று.

சீனத்தில் நாகவுருவின் தொன்மை மிகப் பெரிது. ஹெனான் மாநிலத்துப் பூயாங் நகரின் அருகே 1987இல் அகழப்பட்ட புதைகுழி ஒன்றில், இறந்தவனின் ஒரு பக்கத்தில் நாகமும் மறுபக்கத்தில் புலியும் சிப்பி ஓடுகளால் அமைக்கப்பட்டிருந்தன. அது ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பர். எழுத்து வரலாறு தொடங்குமுன்னரே நாகம் மனிதனின் இறுதி உறக்கத்துக்குத் துணையாக வைக்கப்பட்டுவிட்டது எனலாம்.

முதற்பேரரசனின் கனவு

கனவை ஆராய்வது பழஞ்சீனத்தில் அரசின் தொழிலாகவே இருந்தது. ‘சோவின் சடங்குகள்’ என்னும் தொன்னூல், கனவுகளை ஆறு வகையாகப் பிரித்து ஆராயும் அலுவலர் ஒருவரைக் குறிப்பிடுகின்றது. சோ கோமகனைக் கனவில் காணாது நெடுநாள் ஆயிற்றே என்று கன்பூசியஸ் வருந்தியதை அவர்தம் உரைத்தொகை காட்டுகின்றது. பிற்காலத்தில் அந்தச் சோ கோமகன் பெயராலேயே கனவு நூல்கள் வழங்கலாயின. துன்ஹுவாங் குகையில் 1900இல் வெளிப்பட்ட ஏட்டுக் குவியலில் அத்தகைய நூல்களின் படிகள் கிடைத்தன. அவற்றுள் சில இன்று இலண்டனிலும் பாரிசிலும் உள்ளன.

சீனத்தின் முதற்பேரரசன் சின் ஷி ஹுவாங்கின் கடைசிக் கனவு இவ்வகையில் கருதத்தக்கது. வரலாற்றாசிரியர் சிமா சியென் தரும் செய்தி இது: கி.மு. 210இல் கடற்கரையோரம் பயணம் செய்துகொண்டிருந்த பேரரசன், மனித உருக்கொண்ட கடல் தெய்வத்தோடு தான் போரிடுவதாகக் கனவு கண்டான். கனவுரைப்போன், கடல் தெய்வம் கண்ணுக்குப் புலனாகாது, பெருமீனும் நீர்நாகமுமே அதன் வருகைக்கு அறிகுறி என்றான். சாவாமருந்து தேடிச் சென்று வெறுங்கையோடு திரும்பியவர்களும், பெருமீன்கள் வழிமறித்தன என்று முன்பே சாக்குச் சொல்லியிருந்தனர். பேரரசன் வில்லேந்திக் கரையோரமாகச் சென்று, சிஃபூ என்னும் இடத்தில் பெருமீன் ஒன்றை எய்து கொன்றான். சின்னாட்களில் நோயுற்றான், ஷாசியூ என்னுமிடத்தில் இறந்தான்.

ஈண்டு நாம் நோக்கவேண்டியது ஒன்று. கனவில் வந்தது மனித உருக்கொண்ட தெய்வம். நாகத்தைக் கொண்டுவந்தவன் கனவுரைப்போன். மக்கள் ‘மூதாதை நாகம்’ என்று குறிப்பால் சுட்டிய பேரரசன், தன்னைத் தடுப்பதாக நம்பிய நீர்நாகத்தைத் தேடி அலைந்தான். ஆறு நாடுகளை வென்றவனின் அச்சத்தைப் பொருளுரைத்தவன் நன்கு அறிந்திருந்தான். கனவின் பொருள் கனவுக்குள் மட்டும் இருப்பதன்று. அதனை உரைப்பவன் நாவிலும் அது பிறக்கின்றது.

நெசவுக்கூடத்துப் பெண்

சின் அரசு வீழ்ந்தபின் ஹான் அரசை நிறுவிய லியூ பாங் உழவர் குடியிற் பிறந்தவன். சிற்றூர் அலுவலனாக வாழ்வைத் தொடங்கியவன். அரச குடியிற் பிறவாத ஒருவன் கி.மு. 202இல் அரியணை ஏறியபோது, அவன் உரிமைக்குச் சான்று தேவைப்பட்டது. அச்சான்றைக் கனவு வழங்கிற்று. அவன் தாய் பெருஞ்சதுப்பொன்றின் கரையில் இளைப்பாறியபோது தெய்வத்தைச் சந்திப்பதாகக் கனவு கண்டாள் என்றும், இடியும் மின்னலுமாக வானம் இருண்டது என்றும், தேடிச் சென்ற கணவன் அவள்மேல் நாகம் ஒன்று கிடக்கக் கண்டான் என்றும், அதன்பின் அவள் கருவுற்று லியூ பாங்கைப் பெற்றாள் என்றும் சிமா சியென் எழுதுகின்றார். குடிப்பிறப்பால் வராத பெருமையை நாகப்பிறப்பால் வருவித்த கதை இது.

ஆனால், அதே நூலில் வரும் மற்றொரு நாகக்கனவு நம் உள்ளத்தை இன்னும் ஆழமாகத் தொடுகின்றது. போ என்னும் பெண் ஒருத்தி, வேய் நாட்டரசன் வேய் பாவோவின் அந்தப்புரத்தில் இருந்தாள். அவள் வயிற்றில் வானத்தின் மகன், அதாவது பேரரசன், பிறப்பான் என்று குறி சொல்பவள் ஒருத்தி கூறிவிட்டாள். அதனைக் கேட்ட வேய் பாவோ, தானே பேரரசன் ஆவதாக எண்ணி லியூ பாங்கை எதிர்த்தான், தோற்றான். போ சிறைப்பட்டு, வெற்றி பெற்றவனின் நெசவுக்கூடத்தில் பணிசெய்ய அனுப்பப்பட்டாள். அங்கே அவளைக் கண்ட லியூ பாங் தன் அரண்மனைக்கு அழைத்துக்கொண்டான். அழைத்தபின் ஓராண்டுக்கு மேல் மறந்தே போனான்.

போவுக்கு இளமையில் தோழியர் இருவர் இருந்தனர். நம்முள் எவள் முதலில் உயர்ந்தாலும் மற்றவரை மறவாதிருப்போம் என்று மூவரும் உறுதி செய்திருந்தனர். அத்தோழியர் இருவரும் லியூ பாங்கின் அன்பைப் பெற்றிருந்தபோது, அப்பழைய உறுதிமொழியைச் சொல்லித் தம்முள் நகைத்தனர். காரணத்தைக் கேட்டறிந்த லியூ பாங், போவின்மேல் இரக்கங்கொண்டு அன்றே அவளை அழைத்தான். அப்போது அவள், நேற்றிரவு பசுநீல நாகம் ஒன்று என் வயிற்றின்மேல் அமர்ந்ததாகக் கனவு கண்டேன் என்றாள். அது உயர்வின் அறிகுறி, அதனை நானே நிறைவேற்றுவேன் என்றான் அவன். பிறந்த மகன் லியூ ஹெங். அதன்பின் போ அரசனை அரிதாகவே கண்டாள்.

அவ்வரிதான நிலையே பின்னர் அவளைக் காத்தது. லியூ பாங் இறந்தபின் லியூ பேரரசி, கணவனின் அன்பைப் பெற்ற மகளிரைக் கொடுமைக்கு ஆளாக்கினாள். மறக்கப்பட்டுக் கிடந்த போ மட்டும் தன் மகனோடு வடபுலத்துத் தாய் நாட்டுக்குச் செல்ல விடப்பட்டாள். கி.மு. 180இல் பேரரசி இறந்தபின் அமைச்சர்கள் லியூ ஹெங்கை அழைத்து அரியணையில் அமர்த்தினர். அவனே வென் பேரரசன். வரியைக் குறைத்தவன் என்றும், கி.மு. 167இல் தீயிங் என்னும் சிறுமி தன் தந்தைக்காக எழுதிய முறையீட்டைப் படித்து, உறுப்பைச் சிதைக்கும் தண்டனைகளை நீக்கியவன் என்றும் சீன வரலாறு அவனைப் போற்றுகின்றது.

போ உண்மையாகவே அக்கனவைக் கண்டாளா? வரலாற்றால் இதற்கு விடை கூற இயலாது. ஆயினும் அச்சொல்லின் ஆற்றலை நாம் உணரலாம். உறவின்றி, செல்வமின்றி, அழைத்தவனும் மறந்துவிட்ட நிலையில், ஒரே ஒருமுறை பேசக் கிடைத்த வாய்ப்பில் அவள் கூறியது இச்செய்தி. நாகத்தின் மகன் என்று தன்னைப் பறைசாற்றிக்கொண்டவன், நாகத்தைக் கண்டேன் என்று ஒருத்தி சொல்லும்போது மறுத்துரைக்க முடியாது. வலியவர் தம் அதிகாரத்துக்குக் கட்டிய குறியீட்டை எளியவள் ஒருத்தி தன் விடுதலைக்குக் கையாண்டாள். குறியீடுகளின் வரலாற்றில் இஃது எண்ணிப் பார்க்கத்தக்க நிகழ்ச்சியாகும்.

ஐயுற்ற அறிஞர்கள்

இத்தகைய கதைகளைச் சீனர் அனைவரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினர் என்று கருதுதல் தவறு. கி.பி. 27இல் பிறந்த வாங் சோங் என்னும் அறிஞர், ஹான் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அவ்வரசின் முதல்வன் நாகத்துக்குப் பிறந்தான் என்னும் கதையை மறுத்தெழுதினார். ஓரினம் தன்னினத்தோடுதான் கூடும். மனிதனும் நாகமும் வேறு வேறு இனம். ஆதலின் நாகத்தால் மனிதன் பிறத்தல் இயலாது என்பது அவர் வாதம். நாகம் தெய்வத்தன்மை உடையது என்பதையும் அவர் தனி இயலில் மறுத்தார். செல்வமும் செல்வாக்கும் இல்லாத அறிஞர் அவர். ஆளும் குடியின் பிறப்புக் கதையையே ஆராயத் துணிந்தமை அவர்தம் அறிவு நேர்மையைக் காட்டுகின்றது.

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் பூ, கனவுகளைப் பத்து வகையாகப் பிரித்தார். அவர் கனவையே தள்ளிவிடவில்லை. ஆனால் குறிக்கு ஒரே பொருள் என்பதைத் தள்ளினார். காண்பவனின் நிலை, உள்ளக்கிடக்கை, பருவகாலம், உடல்நோய் ஆகிய அனைத்தையும் கருதவேண்டும் என்றார். ஒரே கனவு உயர்ந்தோனுக்கு நலமாகவும் தாழ்ந்தோனுக்குக் கேடாகவும் முடியலாம். சான்றோனுக்குப் பெருமையும் கீழ்மகனுக்கு இழிவும் தரலாம் என்பது அவர் கருத்து.

நாகத்தைக் கொன்ற கனவு

பேரரசனின் அடையாளமாகிய நாகத்தையே கனவில் வெட்டி வீழ்த்திய கதையும் சீன இலக்கியத்தில் உண்டு. ‘மேற்றிசைப் பயணம்’ என்னும் புகழ்பெற்ற நெடுங்கதையில் அது இடம்பெறுகின்றது. 1592இல் அச்சான அந்நூலுக்கு முன்னரே இக்கதை வழங்கியமைக்கு, 1408இல் நிறைவெய்திய யோங்லே கலைக்களஞ்சியத்தில் உள்ள ஒரு பகுதி சான்றாகும்.

ஜிங் ஆற்றின் நாகவரசன், குறி சொல்வோன் ஒருவனோடு மழையைக் குறித்துப் பந்தயம் கட்டினான். குறிகாரன் சொன்னபடியே, நேரமும் அளவும் குறித்து, மழை பெய்விக்குமாறு வானுலகிலிருந்து ஆணை வந்தது. பந்தயத்தில் தோற்க விரும்பாத நாகவரசன் நேரத்தைத் தள்ளினான், அளவைக் குறைத்தான். ஆணையை மீறிய குற்றத்துக்குத் தலை வெட்டும் தண்டனை விதிக்கப்பட்டது. அதனை நிறைவேற்ற அமர்த்தப்பட்டவர் தாங் பேரரசன் தைசோங்கின் அமைச்சர் வேய் செங். நாகவரசன் பேரரசனின் கனவில் தோன்றி உயிர்ப்பிச்சை கேட்டான், பேரரசனும் வாக்களித்தான். மறுநாள் வேய் செங்கைத் தன் அருகிலேயே இருத்திக் காய் வைத்து ஆடும் ஆட்டத்தில் ஈடுபடுத்தினான். உச்சிப்பொழுதில் வேய் செங் கண்ணயர்ந்தார். அவ்வுறக்கத்துக் கனவிலேயே அவர் நாகத்தின் தலையை வெட்ட, அது வானினின்று வீழ்ந்தது.

தைசோங் கி.பி. 626 முதல் 649 வரை ஆண்டவன். வேய் செங் அரசனின் முகத்துக்கு நேரே குற்றத்தை எடுத்துரைக்க அஞ்சாதவர் எனப் பெயர் பெற்றவர், 643இல் மறைந்தார். நிகழ்ந்தது கதையேயாயினும், அந்த அமைச்சரையே மக்கள் கற்பனை தெரிந்தெடுத்தமை தற்செயலன்று. நாகமேயானாலும் முறைக்கு உட்பட்டது. மழையைத் திருடினால் தலை தப்பாது. பேரரசனின் வாக்கும் அங்கே செல்லாது என்பதே கதையின் உட்பொருள். உழவன் நாகத்தினிடம் வேண்டியது அரசுரிமையை அன்று, அளவான மழையையே என்பதை இக்கதை நமக்கு நினைவூட்டுகின்றது.

கொரியத் தாயின் கனவு

கருவுறும் காலத்தில் காணும் கனவைக் கொரியர் ‘தேமோங்’ என்பர். குழந்தையின் வருங்காலத்தை அது காட்டும் என்பது அவர்தம் நம்பிக்கை. இவற்றுள் புகழ்பெற்றது ஷின் சைம்தாங் அம்மையாரின் கனவு. ஓவியத்திலும் கவிதையிலும் தேர்ந்த அவ்வம்மையார், கரிய நாகம் ஒன்று கீழ்க்கடலினின்று பறந்து தம் அறைக்கு வந்ததாகக் கனவு கண்டார் என்பர். 1536இல் பிறந்த அம்மகனே கொரியாவின் பேரறிஞருள் ஒருவராகிய யி ஐ; ‘யுல்கோக்’ என்பது அவர்தம் புனைபெயர். காங்னுங் நகரிலுள்ள அவ்வீட்டின் அறை இன்றும் ‘நாகத்தைக் கனவு கண்ட அறை’ என்று பொருள்படும் ‘மோங்ரியோங்சில்’ என்னும் பெயரோடு காக்கப்படுகின்றது. மகனின் உருவம் கொரியாவின் 5,000 வொன் தாளிலும், தாயின் உருவம் 2009இல் வெளியான 50,000 வொன் தாளிலும் பொறிக்கப்பட்டுள்ளன.

இங்கு நாகம் அரசனைக் குறிக்கவில்லை, அறிஞனைக் குறிக்கின்றது. கொரியரின் காதற்கதையாகிய சுன்ஹியாங் கதையின் தலைவன் பெயர் மோங்ரியோங். சீனக் கதைத்தொகுப்பாளர் ஒருவரின் பெயர் ஃபெங் மெங்லோங். அவர் 1574 முதல் 1646 வரை வாழ்ந்தவர். இவ்விரு பெயர்களிலும் வருபவை அதே இரண்டு சீன எழுத்துகளே. அவற்றின் பொருள் ‘கனவு நாகம்’. அரண்மனையிற் பிறந்த குறியீடு மெல்ல மெல்லக் குடிமக்கள் வீட்டுத் தொட்டிலுக்கும் வந்து சேர்ந்தது என்பதற்கு இப்பெயர்களே சான்று.

மேற்றிசை வலுசர்ப்பம்

மேலை நாட்டில் வலுசர்ப்பம் என்றும் தீயதாகவே இருந்தது என்பதும் முழு உண்மையன்று. எஸ்தர் நூலின் கிரேக்க வடிவத்தில் மொர்தெகாய் ஒரு கனவு காண்கின்றான். இரண்டு பெரிய வலுசர்ப்பங்கள் போருக்கு எழுந்து முழங்குகின்றன. சிற்றூற்று ஒன்று பேராறாகப் பெருகுகின்றது. நூலின் முடிவில் அவனே பொருள் சொல்கின்றான்: ஆறு எஸ்தர், வலுசர்ப்பங்களுள் ஒன்று தன் இனத்தை அழிக்க முயன்ற ஆமான், மற்றொன்று மொர்தெகாயே. நன்மையும் தீமையும் அங்கே ஒரே உருவில் எதிரெதிர் நிற்கின்றன.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆர்த்தெமிதோரஸ் என்பவர் கிரேக்க மொழியில் விரிவான கனவு நூல் ஒன்று எழுதினார். ‘திராக்கோன்’ என்னும் கிரேக்கச் சொல் பெரும்பாம்பையும் வலுசர்ப்பத்தையும் ஒருங்கே குறிக்கும். அது வலிமையால் அரசனையும், நீளத்தாலும் தோலுரித்து மீண்டும் இளமை எய்துவதாலும் காலத்தையும், புதையலைக் காப்பதாகக் கூறப்படுவதால் செல்வத்தையும் குறிக்கலாம் என்றார். அவர் தரும் மற்றொரு சான்று மிகச் சிறந்தது. கருவுற்ற மகளிர் எழுவர் திராக்கோனைப் பெற்றதாகக் கனவு கண்டனராம். எழுவருக்கும் கனவு ஒன்றே, பயன் ஏழு. ஒருத்தியின் மகன் நாவன்மை மிக்க பேச்சாளன் ஆனான். ஒருத்தியின் மகன் சமயச் சடங்குகளின் தலைவன் ஆனான். ஒருத்தியின் மகன் குறியுரைப்போன் ஆனான். ஒருவன் கள்வனாகித் தலை வெட்டப்பட்டான். அடிமைப் பெண்ணின் மகன் எசமானனை விட்டு ஓடினான். நோயுற்றவளின் மகன் உறுப்புகள் முடங்கினான். எஞ்சிய ஒருவன் ஒழுக்கங்கெட்டுத் திரிந்தான். தாயின் நிலையும் சூழ்நிலையுமே பயனை வேறுபடுத்தின என்பது அவர் விளக்கம். வாங் பூவும் ஆர்த்தெமிதோரசும் ஒரே நூற்றாண்டினர், ஒருவரையொருவர் அறியாதவர், ஒரே உண்மையைக் கண்டனர்.

1136ஆம் ஆண்டளவில் மான்மத் ஊர் ஜெப்ரி எழுதிய பிரித்தானிய மன்னர் வரலாற்றில், கடற்பயணத்தின்போது ஆர்தர் மன்னன், மேற்கிலிருந்து பறந்து வரும் வலுசர்ப்பம் கரடி ஒன்றை வீழ்த்துவதாகக் கனவு காண்கின்றான். வலுசர்ப்பம் ஆர்தர், கரடி அவன் கொல்லப்போகும் அரக்கன் என்று உடனிருந்தோர் பொருளுரைத்தனர். ஆர்தரோ அக்கனவு தனக்கும் உரோமைப் பேரரசனுக்கும் நிகழப்போகும் போரைக் குறிப்பதாக எண்ணினான். கனவு கண்டவனும் பொருளுரைத்தவரும் உடன்படாமையை அந்நூலாசிரியரே பதிவு செய்துள்ளமை கருதத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் கனவாய்வு உளவியலின் கைக்கு வந்தது. 1900ஆம் ஆண்டிட்டு வெளியான நூலில் சிக்மண்ட் பிராய்டு, கனவு அடக்கப்பட்ட விருப்பங்களின் மாறுவேடம் என்றார்; ஒவ்வொரு குறிக்கும் ஒரு விடை என்று அகராதிபோல் பொருள் சொல்லும் முறையை அவர் போதாதெனக் கண்டார். அவரோடு உடனுழைத்துப் பின்னர்ப் பிரிந்த கார்ல் யுங், வீரன் வலுசர்ப்பத்தோடு போரிடும் கதைகளில், மனிதன் தன் தாய்மடியின் ஈர்ப்பினின்றும் உள்மனத்தின் இருளினின்றும் விடுபட்டுத் தனித்தெழும் போராட்டத்தைக் கண்டார். ஆயினும் அவர் எடுத்துக்கொண்ட வீரன், வலுசர்ப்பத்தைக் கொல்பவன். கொல்லப்படவேண்டியது என்னும் எண்ணமே மேற்றிசைக்கு உரியது. மழைக்காக நாகத்தை வணங்கிய உழவனின் கனவை அதே அளவுகோலால் அளத்தல் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது. 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்து அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறக்கத்தில் விழிகள் விரைந்து அசையும் நேரத்துக்கும் கனவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தனர். கனவு எப்போது நிகழ்கின்றது என்பதை அறிவியல் காட்டிற்று. எவ்வுருவம் ஏன் வருகின்றது என்பதற்கு ஒவ்வோர் இனத்தின் பண்பாட்டையும் நாம் கேட்க வேண்டியுள்ளது.

அரியணையிலிருந்து எண்சீட்டுக்கு

சீனத்தில் யுவான், மிங், சிங் அரசுகளின் காலத்தில் ஐந்து நகமுடைய நாகவுருவம் அரச குடும்பத்துக்கே உரியதெனக் கட்டுப்படுத்தப்பட்டது. 1889இல் சிங் அரசின் மஞ்சட் கொடியில் நாகம் பறந்தது. 1912 பிப்ரவரியில் கடைசிப் பேரரசன் அரியணை துறந்தபோது அந்தக் கொடியும் இறங்கியது. அரசன் போனான், நாகம் போகவில்லை. அது மக்களின் ஆசையில் தங்கிற்று.

நாக ஆண்டில் பிறக்கும் குழந்தை நற்பேறுடையது என்னும் நம்பிக்கையால், 1988ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சீனக் குழந்தைகளின் பிறப்பு உயர்ந்தது. ஆனால் 2024ஆம் நாக ஆண்டில் அங்கே பிறப்பு விகிதம் முன்னாண்டைப் போலவே 0.97 அளவில் நின்றது. வாழ்க்கைச் செலவும் மண வாழ்வைப் பற்றிய எண்ணமும் மாறும்போது, ஈராயிரம் ஆண்டுக் குறியீடும் தன் பிடியை இழக்கின்றது.

மற்றொரு மாற்றமும் உண்டு. அது நமக்கு நேரே தொடர்புடையது. கனவில் கண்ட பொருளுக்கு ஏற்ற எண்ணைச் சொல்லும் நூல்கள் நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்குகின்றன. நாகம் கண்டால் ஓர் எண், யானை கண்டால் ஓர் எண், இறந்தவர் வந்தால் ஓர் எண். சீனர் வழியாக வந்த இப்பழக்கம் தமிழர் குடும்பங்களிலும் புகுந்துவிட்டது. ‘கனவில் என்ன வந்தது?’ என்னும் வினாவுக்கு அடுத்த வினா, ‘அதற்கு என்ன நம்பர்?’ என்பதாக இருக்கின்றது. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி இவ்வாறே கரைவதையும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த பணம் நான்கிலக்க எண்ணுக்குப் போவதையும் ஆசிரியப் பணியில் உள்ளோர் நன்கு அறிவர். வகுப்பிற்குப் புத்தகமின்றி வரும் மாணவனிடம் காரணம் கேட்டால் அவன் தலைகுனிந்து நிற்பான். அக்காரணம் சில வேளைகளில் அவன் வீட்டில் யாரோ கண்ட கனவாக இருக்கும்.

எண்ணிப் பாருங்கள். நெசவுக்கூடத்திலிருந்த போவுக்கு நாகக்கனவு ஒரு சொல்லாயிற்று. அச்சொல்லால் அவள் தன் நிலையை மாற்றிக்கொண்டாள். ஷின் சைம்தாங் அம்மையாருக்கு அது மகனைப் பற்றிய நம்பிக்கையாயிற்று. ஆயினும் அம்மகனை அறிஞனாக்கியது அவன் பெற்ற கல்வியே. எண்சீட்டு வாங்குவோனுக்கோ கனவு எண்ணாகச் சுருங்கி விடுகின்றது. வாங் பூவும் ஆர்த்தெமிதோரசும் ஏற்காத வழி அது. ஒரு குறிக்கு ஒரே விடை என்று கூறும் எந்நூலும், கனவு கண்டவனின் வாழ்வைக் கேளாமலே தீர்ப்பு வழங்குகின்றது.

ஆகவே, தமிழாசிரியர்கள் வகுப்பறையில் இப்பொருளை எடுத்துரைக்கத் தயங்கவேண்டுவதில்லை. சிலப்பதிகாரக் கனவுகளைக் கற்பிக்கும்போது, போவின் கனவையும் ஒப்பிட்டுக் காட்டலாம். கோப்பெருந்தேவியின் கனவு ஓர் அரசின் வீழ்ச்சியைக் காட்ட, போவின் கனவு ஓர் ஆட்சியின் தோற்றத்தைக் காட்டுகின்றது. சீனத் தோழன் வீட்டில் நாகப்படத்தைக் காணும் நம் மாணவன், அதனை விவிலியத்து வலுசர்ப்பமாகவோ புற்றிலிருக்கும் பாம்பாகவோ எண்ணி ஒதுங்காமல், மழைக்கு ஏங்கிய ஒரு மக்களின் நெடுங்கனவாக அறிந்து கொள்ளட்டும். அத்துடன், ஆளும் அரசின் கதையையே ஆராய்ந்து மறுத்த வாங் சோங்கின் துணிவையும் அவன் அறியட்டும். அண்டை வீட்டாரின் குறியீட்டை மதிப்பதும், எவர் வீட்டு நம்பிக்கையையும் ஆராய்ந்து பார்ப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டும் கல்வியின் பயனே.